தீவுக் கல்லூரியும் இணைய வழிக் கல்வியும்

ஊராட்சி மன்றக் கட்டிடத்திற்குக் கண்ணாடி இழைக் கேபிள் வந்து சேர்ந்துவிட்டதென்றால், ஊருக்கே இணைய வசதி கிட்டிவிட்டது என்று நம்மில் பலர் எண்ணிவிடுகின்றனர். கேபிள் வந்து நிற்கும் இடத்திற்கும் மாணவர் அமர்ந்து பாடம் படிக்கும் இடத்திற்கும் இடையே இன்னும் ஒரு தொலைவு உண்டு. அது சில நூறு அடியாகவே இருக்கலாம். ஆயினும் ஆயிரம் மைல் கடலைக் கடந்து வந்த கேபிளின் பயன், அச்சில நூறு அடியைக் கடக்க மாட்டாமல் நின்றுவிடுவதுண்டு. இதனை விளங்கிக்கொள்வதற்குப் பசிபிக் மாகடலில் சிதறிக் கிடக்கும் சில சிறு தீவுகளையும், அத்தீவு மக்களுக்கென நடைபெறும் ஒரு கல்லூரியையும் எடுத்துக்கொள்வோம். தீவுகள் நமக்கு அயலாயினும், அங்குள்ள இடர்ப்பாடு நமக்கு அயலானதன்று.

தீவுகளும் கல்லூரியும்

மைக்ரோனேசியக் கூட்டாட்சி நாடு யாப், சூக், பொன்பெய், கோஸ்ரே என்னும் நான்கு மாநிலங்களைக் கொண்டது. தீவுகளின் எண்ணிக்கை 607. அத்தனை தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நிலப்பரப்பு ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டரே ஆகும். மக்கள் தொகை ஓர் இலட்சம் அளவில் உள்ளது. ஆனால் மேற்கே யாப் தீவிலிருந்து கிழக்கே கோஸ்ரே தீவு வரையுள்ள தொலைவு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். குமரி முனையிலிருந்து தில்லிக்கு நேர்க்கோட்டில் அளந்தாலும் இவ்வளவு தொலைவு வாராது. யாப், சூக் மாநிலங்களின் கடிகாரத்திற்கும் பொன்பெய், கோஸ்ரே மாநிலங்களின் கடிகாரத்திற்கும் ஒரு மணி நேர வேறுபாடு உண்டு. ஓரிடத்தில் காலை ஒன்பது மணி வகுப்பு என்றால் மற்றோரிடத்தில் அது பத்து மணி வகுப்பாகும்.

இந்நாட்டில் 1963-ஆம் ஆண்டில் பொன்பெய்த் தீவில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. 1970-இல் அது சமுதாயக் கல்லூரியாக உயர்ந்தது. 1993 முதல் மைக்ரோனேசியா கல்லூரி என்னும் பெயரில் நாட்டின் கல்லூரியாக இயங்கி வருகிறது. தலைமை வளாகம் பொன்பெய்த் தீவில் பாலிக்கீர் என்னுமிடத்தில் உள்ளது. நான்கு மாநிலங்களிலும் வளாகங்கள் இருக்கின்றன. மீன்பிடிப்பும் கப்பல் தொழிலும் கற்பிக்கும் ஒரு நிலையம் யாப் தீவில் உள்ளது.

சமுதாயக் கல்லூரி என்பது, பள்ளிப் படிப்பை முடித்தவர் ஊரை விட்டுத் தொலைதூரம் செல்லாமலே இரண்டாண்டுப் பட்டயமோ குறுகிய காலத் தொழிற்பயிற்சியோ பெறுவதற்கென்று அமைந்த நிலையமாகும். ஈரப்பலா, சேம்பு, வாழை, தென்னை ஆகியவற்றைப் பயிரிடும் உழவர்க்கு விரிவாக்கப் பணி செய்வதும் மைக்ரோனேசியாவின் உயர்கல்விக்கு உரிய கடமைகளுள் ஒன்று. ஆசிரியப் பயிற்சியில் பிறந்த கல்லூரியாதலின், தீவுகளின் தொடக்கப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தருவதும் இதன் நெடுநாளைய வேலையாகும்.

இனி இடர்ப்பாட்டைக் கூறுவோம். ஒரு பாடத்திற்குத் தேர்ந்த ஆசிரியர் பாலிக்கீரில் ஒருவர் இருக்கிறார். அப்பாடத்தை விரும்பும் மாணவர் கோஸ்ரே தீவில் ஐந்து பேர், யாப் தீவில் ஏழு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஐவருக்காக ஓர் ஆசிரியரை அமர்த்தக் கல்லூரிக்கு வசதியில்லை. மாணவர் பாலிக்கீருக்கு வருவதென்றால் விமானக் கட்டணம், தங்கும் செலவு, குடும்பத்தைப் பிரிதல் ஆகியன குறுக்கே நிற்கும். ஏற்கெனவே பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் மேற்படிப்புப் பெற எண்ணினால், அவருடைய வகுப்பை அதுவரை யார் நடத்துவது? அமெரிக்க நாட்டுடன் 1986-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி இந்நாட்டு மக்கள் அமெரிக்காவில் குடியேறி வேலை செய்யலாம். குவாம், ஹவாய் முதலிய இடங்களுக்கு இளைஞர் பெருந்தொகையினராய்ச் சென்றுவிட்டனர். ஊரிலேயே படிக்க வழியில்லையென்றால், வெளியே செல்வதற்கு அதுவும் ஒரு காரணமாகிவிடுகிறது. இணைய வழிக் கல்வியை அங்கு ஆடம்பரமெனக் கருத இயலாமைக்கு இதுவே காரணம்.

கேபிள் வருமுன்

கேபிள் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பசிபிக் தீவுகளில் தொலைவழிக் கல்வி நடைபெற்றது என்றால் வியப்பாக இருக்கலாம். 1966-இல் அமெரிக்கர் விண்ணில் ஏவிய ஒரு செயற்கைக்கோள் அதன் முதல் ஆராய்ச்சிப் பணிகள் முடிந்தபின் கல்விக்கெனக் கொடுக்கப்பட்டது. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் அதனைக் கொண்டு பீஸ்சாட் என்னும் திட்டத்தைத் தொடங்கினர். சிறு நிலையங்கள் பல தீவுகளில் அமைந்தன. படம் கிடையாது, குரல் மட்டுமே செல்லும். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச இயலாது. பேசி முடித்தவர் முடிந்தது என்று சொன்ன பிறகே அடுத்தவர் தொடங்க வேண்டும். இந்தக் குறுகிய வழியிலேயே பாடங்களும் மருத்துவ ஆலோசனைகளும் நடைபெற்றன. செயற்கைக்கோள் தன் நிலையை விட்டு விலகிச் சென்றதனால் 1985-இல் அது பயன்படாமற் போயிற்று.

இதனை இங்கே விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. வழி குறுகலாயிருந்தபோது, ஆசிரியர் முன்கூட்டியே பாடக் குறிப்புகளை அஞ்சலில் அனுப்பி வைத்து, வானொலி நேரத்தை வினா விடைக்கு ஒதுக்கினால்தான் அந்நேரம் பயன்படும். இன்று வழி அகலமாகிவிட்டது என்பதற்காக அந்த ஒழுங்கைக் கைவிட்டவர்கள், கேபிள் இருந்தும் இடர்ப்படுகின்றனர்.

பின்னர் வந்த செயற்கைக்கோள் இணையத்திலும் குறைகள் உண்டு. அவ்வகைச் செயற்கைக்கோள் நிலத்திலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு வினா மேலே சென்று கீழே இறங்கி, அதன் விடையும் அவ்வாறே ஏறி இறங்கினால் 1,44,000 கிலோமீட்டர் ஆகிறது. ஒளியின் வேகத்திற் சென்றாலும் அரை நொடி கழிந்துவிடும். உரையாடலில் அரை நொடி பெரிதன்று என்று தோன்றலாம். ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி இருவரும் நிறுத்திக்கொள்வதை ஒருமுறை கண்டவர் அவ்வாறு எண்ணார். கேபிள் வழியே அதே வினா பொன்பெய்த் தீவிலிருந்து குவாம் சென்று மீள்வதற்கு நொடியின் முப்பதில் ஒரு பங்குகூட ஆகாது.

கேபிள் வந்த வரலாறு

2010-ஆம் ஆண்டில் குவாம் தீவுக்கும் மார்ஷல் தீவுகளுக்கும் இடையே இடப்பட்ட கடலடிக் கேபிளிலிருந்து ஒரு கிளை பொன்பெய்த் தீவுக்கு வந்தது. யாப் தீவுக்கு 2018-இலும், சூக் தீவுக்கு 2019-இலும் கேபிள் கிட்டியது. இவ்விரண்டிற்கும் உலக வங்கியின் உதவி துணை செய்தது. 2014-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் தொலைத்தொடர்புத் தொழிலில் ஒரே நிறுவனத்திற்கிருந்த தனியுரிமையை நீக்கி, கேபிளை வைத்திருக்கும் பொறுப்பை ஒரு பொது நிறுவனத்திடம் ஒப்படைக்க வழி செய்தது. கேபிளை யார் வேண்டுமானாலும் உரிய கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம் என்பது இதன் கருத்து. பொதுச் சாலையைப் போன்றது என்று கொள்ளலாம். சாலை ஒருவர் கையில் இருந்தால் வண்டிக் கூலி குறைவதில்லை.

கோஸ்ரே தீவு கடைசியாக நின்றது. அதற்கெனக் கோரப்பட்ட முதல் ஒப்பந்தப்புள்ளிகள் 2021-இல் கைவிடப்பட்டன. அதே ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியா, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளும் செலவை ஏற்க முன்வந்தன. கோஸ்ரே, நவுரு, கிரிபாட்டி ஆகியவற்றை இணைக்க ஏறத்தாழ 2,250 கிலோமீட்டர் நீளமுள்ள கேபிளுக்கான ஒப்பந்தம் 2023-இல் கையெழுத்தாயிற்று.

ஆகவே, 2010 முதல் 2018 வரை ஒரே கல்லூரியின் மாணவருள் பொன்பெய்த் தீவினர் மட்டுமே கேபிளின் பயனை அடைந்தனர். மற்ற வளாகத்தினர் செயற்கைக்கோளையே நம்பியிருந்தனர். பாடமும் ஒன்று, சான்றிதழும் ஒன்று, வழி மட்டும் வேறு. தலைமை வளாகத்தில் இருப்பவர் தம் மேசையிலுள்ள வேகத்தைக் கொண்டு பாடத்தை அமைத்துவிட்டால், மற்றத் தீவினர் அப்பாடத்தைத் திறக்கவும் இயலாது. பாடம் அமைப்பவர் மிகக் குறைந்த வசதியுள்ள வளாகத்திற்குச் சென்று, தம் பாடத்தைத் தாமே ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். இதற்கு ஈடான சோதனை வேறில்லை என்பது என் துணிபு.

மேல்நிலைத் தொட்டிக் கணக்கு

வேகத்தைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வகுப்பில் மாணவர் 40 பேர். ஒரு காட்சிப் பாடத்தின் அளவு 300 மெகாபைட். வளாகத்தின் இணைப்பு நொடிக்கு 10 மெகாபிட். ஒரு பைட் என்பது எட்டு பிட்டுகள் ஆதலால், ஒருவர் மட்டும் பாடத்தை இறக்கிக்கொள்ள 240 நொடிகள், அதாவது 4 நிமிடம் ஆகும். நாற்பது பேரும் தனித்தனியே இறக்கினால் 160 நிமிடம் ஆகும். வகுப்போ ஒரு மணி நேரம். வகுப்பு முடிந்து மாணவர் கலைந்த பின்னும் பாடம் வந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகவே வரும்.

நம் ஊரில் குடிநீர்க் குழாய் குறுகலாயிருந்தால் நாம் என்ன செய்கிறோம்? இரவெல்லாம் மேல்நிலைத் தொட்டியில் நீரேற்றி வைத்துக் காலையில் எல்லாத் தெருவுக்கும் திறந்து விடுகிறோம். இங்கும் அதுவே வழி. வளாகத்திலேயே சர்வர் என்னும் சேமிப்புக் கணினி ஒன்றை வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத இரவில் பாடத்தை ஒரே முறை இறக்கி வைத்துவிட்டால் 4 நிமிடத்தோடு வெளி இணைப்பின் வேலை முடிந்தது. காலையில் நாற்பது பேரும் வளாகத்தினுள் உள்ள வைஃபை வழியே அதனைப் பெற்றுக்கொள்வர். வெளி இணைப்பு அப்போது அறுந்திருந்தாலும் பாடம் நிற்காது.

இதற்கேற்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. கொலிப்ரி என்பது இணையம் இல்லாத ஊர்களுக்கென்றே ஆக்கப்பட்டு 2017-இல் வெளியானது. மூடுல் என்பது பாடம், பயிற்சி, மதிப்பெண் அனைத்தையும் ஓரிடத்தில் நடத்துவதற்குரியது. 2002-இல் வெளியான இதனைத் தொடங்கியவர் மார்ட்டின் டூகியாமாஸ் என்னும் ஆஸ்திரேலியர். அவர் சிறுவனாயிருந்தபோது பாலைநிலக் குடியிருப்பில் வளர்ந்து, வானொலி வழியாகப் பாடம் கேட்டவர். தொலைவின் துன்பத்தைத் தாமே பட்டவர் செய்த கருவி என்பதனை நினைவிற்கொள்ளலாம்.

காட்சிப் பாடமே சிறந்த பாடம் என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. மின்கம்பி இணைப்பதையோ வாழைக்கன்று நடுவதையோ காட்டப் படம் வேண்டும். வரலாற்றையோ கணக்கியலையோ விளக்கும் ஆசிரியரின் முகத்தை 45 நிமிடம் காட்டுவதால் மாணவர் அடையும் பயன் சிறிதே. அதே 45 நிமிடப் பேச்சைக் குரலாக மட்டும் பதிவு செய்தால் ஏறத்தாழ 11 மெகாபைட்டில் அடங்கும். அதனுடன் அச்சிடத்தக்க நான்கு பக்கக் குறிப்பையும் சேர்த்தால், கைப்பேசி மட்டுமே வைத்திருக்கும் மாணவரும் வீட்டில் கேட்டுப் படிக்கலாம். எஞ்சிய நேரத்தை நேரடி வினா விடைக்குப் பயன்படுத்தலாம்.

மொழி பற்றியும் ஒரு சொல். நான்கு மாநிலத்தாரும் வெவ்வேறு மொழி பேசுபவர். கல்லூரிப் பாடமோ ஆங்கிலத்தில். வெளிநாட்டிலிருந்து இறக்கப்படும் பாடங்களில் ஈரப்பலாவும் சதுப்புநிலச் சேம்பும் தலைகாட்டுவது அரிது. கடல்நீர் புகுந்து சேம்பு வயல்கள் கெடுவது அத்தாழ்ந்த தீவுகளில் உழவர் கண்ணாரக் காணும் துன்பம். அதனைப் பற்றித் தீவின் விரிவாக்கப் பணியாளரே தம் மொழியில் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்து சேமிப்புக் கணினியில் வைத்தால், அயல்நாட்டுப் பாடங்கள் நூற்றினும் அது உழவர்க்கு உதவும். இதற்குக் கேபிளும் வேண்டியதில்லை.

கேபிள் அறுந்தால்

ஆழ்கடலில் கிடக்கும் கேபிள் தோட்டத்து நீர்க்குழாயின் பருமனே உடையது. உலகில் ஆண்டொன்றுக்கு 150 முதல் 200 வரை கேபிள் பழுதுகள் நேர்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நங்கூரத்தாலும் மீன்பிடி வலைகளாலும் நேர்பவை. பழுது பார்க்கும் கப்பல் தொலைவிலிருந்து வர வேண்டும். 2016 டிசம்பர் இறுதியில் மார்ஷல் தீவுகளின் கேபிள் பழுதுபட்டுச் சுமார் மூன்று வாரங்கள் அந்நாடு சிறு செயற்கைக்கோள் இணைப்பைக் கொண்டே காலம் தள்ளியது. 2022 ஜனவரி 15-ஆம் நாள் டோங்கா நாட்டில் கடலடி எரிமலை வெடித்தபோது கேபிள் துண்டுபட்டது. வெளிநாட்டு இணைப்பு மீள ஐந்து வாரங்களாயின. உள்நாட்டுத் தீவுகளை இணைத்த கேபிள் சீராக ஓராண்டுக்கு மேலாயிற்று.

ஒரு கல்லூரிப் பருவம் ஏறத்தாழ பதினாறு வாரங்கள். அதில் ஐந்து வாரம் போய்விட்டால் அப்பருவமே போனதற்கொப்பாகும். ஆதலின் கேபிள் உள்ள வளாகமும் செயற்கைக்கோள் இணைப்பொன்றைத் துணையாக வைத்திருப்பது நலம். இக்காலத்தில் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் செயற்கைக்கோள்கள் வந்துவிட்டமையால் அரை நொடித் தாமதமும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. துணை இணைப்பு இயங்கும் நாட்களில் காட்சிப் பாடங்களை நிறுத்தி, தேர்வு, மதிப்பெண், கடிதப் போக்குவரத்து ஆகியவற்றிற்கே இடங்கொடுப்பது என்று முன்னதாகவே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். பழுது நேர்ந்த அன்று கூடிப் பேசத் தொடங்கினால் முதல் வாரம் பேச்சிலேயே கழியும்.

செலவும் பொறுப்பும்

கருவி வாங்குவதற்குப் பணம் கிடைப்பது எளிது. அதனைக் காப்பதற்குக் கிடைப்பது அரிது. உதவி தரும் நாடும் வங்கியும் திறப்பு விழாவோடு ஒதுங்கிவிடும். பின்னர் மாதக் கட்டணம், மின்சாரம், பாட்டரி மாற்றுதல், பழுது பார்த்தல் ஆகியன கல்லூரியின் தலைமீது விழும். தீவுகளில் உப்புக் காற்று இரும்பை அரிக்கும். ஈரம் மின்சுற்றுகளைக் கெடுக்கும். மூடிய அலமாரி, காற்றோட்டம், பூச்சு ஆகியவற்றிற்குச் செய்யும் சிறு செலவு கருவியின் ஆயுளைக் கூட்டும். மின்சாரம் நின்றால் வைஃபைப் பெட்டியும் நிற்கும். சேமிப்புக் கணினிக்கும் வைஃபைப் பெட்டிகளுக்கும் மட்டுமாவது சூரிய ஒளித் தகடும் பாட்டரியும் தனியே அமைப்பது நன்று. இவை உண்ணும் மின்சாரம் மிகச் சிறிது.

பொறுப்பாளர் யார் என்பது அடுத்த வினா. தலைமை வளாகத்திலிருந்து வல்லுநர் விமானத்தில் வரும்வரை ஒரு சிறு கம்பி கழன்றதற்காக வளாகம் முழுவதும் காத்திருப்பது வீண். மைக்ரோனேசியா கல்லூரியிலேயே மின்னணுத் தொழில்நுட்பமும் தொலைத்தொடர்புத் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகின்றன. அப்பாடம் படிப்போருள் ஒவ்வொரு தீவிலும் இருவருக்குப் பகுதிநேர ஊதியம் கொடுத்து இப்பணியை ஒப்படைத்தால், அவருக்குப் பயிற்சியுமாகும், கல்லூரிக்குக் காவலுமாகும். இருவர் என்றது, ஒருவர் ஊரை விட்டுச் செல்லக்கூடும் என்பதனால்.

நம் ஊராட்சிகளில்

பாரத்நெட் என்னும் பெயரில் கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுவரும் திட்டத்திற்கு நடுவண் அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் நோக்குடன் டான்ஃபிநெட் நிறுவனம் இப்பணியை மேற்கொண்டது. கேபிள் வந்து முடியும் இடம் பெரும்பாலும் ஊராட்சியின் கட்டிடம். பள்ளியும் நூலகமும் வேறு தெருவில் இருக்கலாம். ஊராட்சிக் கட்டிடம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்பட்டால், ஆறு மணிக்குப் படிக்க வரும் பிள்ளைக்குக் கேபிள் இருந்தும் இல்லாததே. தீவுகளின் செய்தி நமக்குப் பயன்படும் இடம் இதுதான்.

அடுத்த கூட்டத்திற்கு முன் உறுப்பினர் ஒருவர் சில செய்திகளைக் கேட்டறிந்து வரலாம். பெட்டி எந்த அறையில் உள்ளது, சாவி யாரிடம் உள்ளது, அதிலிருந்து பள்ளி எத்தனை மீட்டர், மின்சாரம் நின்றால் பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், மாதக் கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து செலுத்தப்படுகிறது என்பன அவை. இவற்றோடு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தைப் பெட்டியின் அருகில் நூலிற் கட்டித் தொங்கவிட்டு, இணைப்பு நின்ற நாள், நின்ற நேரம், மீண்ட நேரம், நின்றதன் காரணம் என நான்கு கட்டங்களிட்டு நாள்தோறும் எழுதி வரச் செய்யலாம். மூன்று மாதங்கள் எழுதிய பின், பழுது கேபிளிலா, மின்சாரத்திலா, பூட்டிய கதவிலா என்பது அதிலேயே தெரியும். வட்டார வளர்ச்சி அலுவலரிடம் முறையிடுவதற்கும் அதன் படியை இணைத்து அனுப்பலாம்.